ஆமி வந்த படம்

சித்தி வன்னியிலிருந்து எங்களிடம் வந்து சேர்ந்த முதல் குளிர்காலத்தில், அவளை எங்கே கூட்டிப்போவது என்பது அம்மாவுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. போர் முடிந்து அதிக காலம் ஆகவில்லை. சித்தியால் ஓரிடத்தில் இருக்க முடியாது. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். பனி அள்ளும் வண்டி தெருவில் இரைந்தால் யன்னலுக்கு ஓடுவாள்.

நாங்கள் குடியேறியிருந்த புவாண்ட்-கிளேர் ஊரில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு நூலகம். அங்கே ஞாயிறு பின்னேரம் பழைய ஊமைப்படம் ஒன்று காட்டுகிறார்கள் என்று அம்மா அறிந்து வந்தாள். "கதைக்காத படம். பாஷை தெரியாட்டியும் பாக்கலாம்," என்றாள். அம்மாவின் கெட்டித்தனத்தை வீடே மெச்சியது.

மூன்று பேருமாகப் போனோம். திரையில் குதிரைகள், புழுதி, மேற்கே குடியேறப் போகிறவர்களின் வண்டிகள். பக்கத்தில் இருந்து ஒரு கிழவர் பியானோ வாசித்தார். சித்திக்குப் பிடித்துத்தான் இருந்தது. குதிரை ஒருவனைச் சேற்றில் தள்ளியபோது வாய்விட்டுச் சிரித்தாள். ஆனாலும் இரண்டு தரம் இடம் மாறி, கடைசியில் கதவோரக் கதிரையில் என்னையும் இழுத்து இருத்தினாள்.

பிறகு அந்த நிலத்தின் பூர்வகுடிகள் குதிரைகளில் வந்து மரவீடொன்றைச் சூழ்ந்துகொண்டார்கள். உள்ளே பெண்கள் பிள்ளைகளை அணைத்தபடி கிடந்தார்கள். கூரை புகைந்தது. நான் நகத்தைக் கடித்தேன். திடீரென்று மலைச்சரிவில் கொடியும் வாளுமாகப் பட்டாளம். பியானோ துள்ளியது. மண்டபம் முழுக்கக் கைதட்டியது, நானும் தட்டினேன்.

சித்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "எழும்பு. போவம்."

"சித்தி, அவை காப்பாத்த வருகினம்!"

"ஆமி வருது, பிள்ளை. எழும்பு!"

மேலங்கிகூட இல்லாமல் பனிக்குள் நின்றோம். அம்மா உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். "அது படமடி," என்றாள்.

"படமெண்டு எனக்கும் தெரியும். சனம் ஏன் கைதட்டினது?" என்று கேட்டாள் சித்தி.

அம்மா எனக்கு மேலங்கி மாட்டுவதில் மும்முரமானாள்.

எனக்கோ முடிவைப் பார்க்கவில்லை என்ற ஆத்திரம். அதே படத்துக்கு வந்து கடைசிவரை இருந்த என் தோழியிடம் அடுத்த நாள் பள்ளியில் கேட்டறிந்து, வீட்டுக்கு ஓடிவந்தேன். சித்தி உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமி வந்து எல்லாரையும் காப்பாத்திட்டுதாம், சித்தி."

"எல்லாரையும் எண்டா ஆரை?"

"வீட்டுக்குள்ள இருந்த ஆக்களை."

"வெளியில குதிரையில நிண்டவை?"

அவர்களைப் பற்றி நான் தோழியிடம் கேட்கவே இல்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்லவா? பாவம், சித்திக்குப் படமே விளங்கவில்லை என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, கதையை முதலிலிருந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன்.