அரிப்பில்லாத நாட்கள்

வகுப்பறை யன்னலில் ஒரு சின்னப் போத்தல் இருந்தது. உள்ளே இளஞ்சிவப்பு நிறத்தில் கலமைன் மருந்து. சுனாமி எங்கள் வீட்டை அள்ளிக்கொண்டு போன பிறகு, கல்முனையில் நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்துக்கு வந்த டொக்டர்மார் அதைத் தந்துவிட்டுப் போனார்கள். அதை என் கால்களில் பூசிவிட்டவர் சாச்சி, உம்மாவின் தங்கை. அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது.

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வயல். பொழுது சாயும்போது நுளம்பு புகைபோல எழும்பி வந்து மொய்த்துக் கடிக்கும். பாயில் எறும்பு ஊரும். மற்றப் பிள்ளைகள் சொறிந்து சொறிந்து அழுதார்கள். எனக்கு அரிக்கவில்லை. கடித்த இடங்கள் தடித்துச் சிவந்து நீர் கோத்து நின்றன. என் கால்கள் வேறு யாருடையவோ போலிருந்தன. அலையில் இறந்த உம்மாவின் மையித்தைத் தூக்கிக்கொண்டு போனபோதும் நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கவனித்தவர் சாச்சிதான்.

"அரிக்கல்லியா புள்ள?"

"இல்ல சாச்சி."

அவர் என்னைப் பக்கத்தில் இருத்தினார். கொதித்தாறிய தண்ணீரும் சவர்க்காரமும் கொண்டு கால்களைக் கழுவி, ஒற்றித் துடைத்து, பஞ்சில் மருந்தைத் தொட்டு வைத்தார். அன்றிலிருந்து தினமும் அதைச் செய்தார்.

சாச்சிக்கும் என் வயதில் ஒரு மகள் இருந்தாள். நுளம்பு கடித்தால் இரத்தம் வரும்வரை சொறிவாள். "தழும்பு வந்தா போகாதுடி" என்று சாச்சி அவள் கையைத் தட்டிவிடுவார். அப்படிச் சொறிந்த ஒரு புண் அவளது கணுக்காலில் வட்டமாகக் கறுத்துக் கிடந்தது. அலை வந்த பிறகு, பள்ளிவாசல் வளவில் கிடத்தியிருந்த பெண்பிள்ளைகளின் முகங்கள் அடையாளம் காணும்படி இல்லை. சாச்சி ஒவ்வொரு துணியையும் கால்மாட்டில் விலக்கிப் பார்த்துக்கொண்டே போனாராம். ஓரிடத்தில் நின்று, "இதான் என்ட மகள்" என்றாராம். கூடப் போன வாப்பா வெகுகாலம் கழித்து இதை என்னிடம் சொன்னார். சாச்சி அன்று அழவில்லை. பிறகும் அழவில்லை. முகாமில் சோற்றுக்கு வரிசையில் நின்றார், துணி துவைத்தார், எனக்கு மருந்து பூசினார்.

ஒருநாள் மத்தியானம் மழை பெய்துகொண்டிருந்தது. சாச்சி பஞ்சை வைத்த இடத்தில் சுருக்கென்று என்னவோ ஓடியது.

"சாச்சி, அரிக்குது."

அவர் கை அப்படியே நின்றது. என் விரல் தானாகக் கெண்டைக்காலுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

"சொறி" என்றார்.

"தழும்பு வருமே சாச்சி?"

"வரட்டும் புள்ள. நல்லாச் சொறி."

நான் சொறிந்தேன். தோல் உரிந்து எரிந்தது. எரிய எரிய உம்மாவைக் கூப்பிட்டு அழத் தொடங்கினேன். சாச்சி என் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, அதன்மேல் தலையைக் கவிழ்த்தார். அவர் வாயிலிருந்து வந்தது மகளின் பெயர். வகுப்பறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எங்களைத் தேற்ற வரவில்லை.

இப்போது அலை அடித்த இடத்திலிருந்து உள்ளே தள்ளி, வீடிழந்தவர்களுக்குக் கட்டித்தந்த வீட்டுத்திட்டத்தில் இருக்கிறோம். எனக்கும் பிள்ளைகள். கெண்டைக்கால் தழும்பு போகவில்லை. சாச்சி வந்தால், "நல்லா இரிக்கியா புள்ள?" என்று கேட்க முன்னமே அவர் கண் என் காலுக்குப் போய்விடும்.