நிரோ முழந்தாளிட்ட சுவர்

நிரோ, என் தம்பி நிரோ, நீ இருந்திருந்தால் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "அக்கா, உனக்கும் விசர் பிடிச்சிட்டுதோ" என்று கேட்டிருப்பாய்.

வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், ஆவி, செத்தவர் கனவில் வந்தார் என்று யாராவது கதைக்கத் தொடங்கினால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, வீடு துடைக்கிற வேலைக்குப் போகிறவள், எழுதவும் ஒழுங்காக வராது. பொய் சொல்லி எனக்கு ஒரு லாபமும் இல்லை. கேட்டதைச் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

சிசிலியில், வுச்சீரியா சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் அம்மா, நான், நிரோ மூன்று பேரும் இருந்தோம். அம்மாவுக்கு வியா மக்வேதா தெருவில் ஒரு சிஞ்ஞோரா, இந்த ஊர் அம்மா ஒருவரின் வீட்டில் வேலை. நிரோ மொண்டெல்லோ கடற்கரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினான். வேலை முடிந்து வந்தால் டிவியில் கேம்தான். துவக்கோடு ஓடித் திரிந்து ஆளை ஆள் சுடுகிற கேம், எங்கெங்கோ இருக்கிறவர்கள் எல்லாம் சேர்ந்து விளையாடுவார்கள். ஆனால் இவன் சுட்டதை விட சுவரைப் பார்த்ததுதான் அதிகம். அந்தக் கேமைச் செய்தவர்கள், ஒருவரும் பார்க்காத மூலைகளில் தங்கள் ஞாபகங்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்வான். ஒரு கதவில் கிடக்கிற கிறுக்கல் படம் அதைச் செய்தவனின் சின்ன மகள் கீறியதாம். ஒரு அலுமாரிக்கு மேல் படுத்திருக்கிற பூனை அவர்களுடைய ஒபிசில் திரிந்து செத்துப்போன பூனையாம். நான் உடுப்பு அயர்ன் பண்ணும்போதுதான் வந்து நின்று இதெல்லாம் சொல்வான்.

"அக்கா, ஒருக்கா இஞ்சை வந்து பார். பூனையின்ரை பேரும் கழுத்திலை கிடக்கு."

"எனக்கு வேலை கிடக்கு. நீ போய் ஆரையாவது சுடு."

கேமில் அவனுக்குப் பிடித்த ஒரு இடம் இருந்தது. சந்தை மாதிரி ஒரு ஊர், வண்டிகள் கவிழ்ந்து கிடக்கும், ஒடுங்கிய சந்து ஒன்று போகும், சந்தின் முடிவில் சுவருக்குள் மாதா சுரூபம் வைத்த ஒரு கூடு. எங்கள் தெருமுனையில் இருக்கிற மாதிரியே கண்ணாடி, காய்ந்த பூ, எல்லாம். அந்த ஊரைக் கட்டினவனின் தாய் வேலை முடிய முன்னமே இறந்துபோனாராம், அதனால் கூட்டுக்குக் கீழே தாயின் பெயரின் முதல் எழுத்தை வெட்டி வைத்தானாம். துவக்கை இறக்கிவிட்டு, குனிகிற பட்டனை அமத்திக்கொண்டு கொஞ்சம் பொறுத்தால் மெழுகுதிரி தானாகப் பற்றும். பற்றினதும் ஒரு மனிசி வாய்க்குள்ளே பாடுகிற சத்தம் கேட்கும், அது அந்தத் தாயின் குரல்தான் என்றான். ஒவ்வொரு தடவையும் முதலில் அங்கே போய் முழந்தாளிடுவான். அதற்குள் யாராவது வந்து சுட்டுவிடுவார்கள். அவனோடு சேர்ந்து விளையாடுகிற கெவின், மொரீசியஸ் தமிழ்ப் பெடியன், சிசிலிக்காரரின் கெட்ட வார்த்தை ஒன்று விடாமல் சொல்லித் திட்டுவது ஹெட்செட்டுக்கு வெளியே எனக்கே கேட்கும். இவன் சிரிப்பான்.

எங்கள் அம்மாவும் சமைக்கும்போது வாய்க்குள்ளே பாடுகிறவர். எப்போதும் ஒரே மாதா பாட்டு. எண்ணெய் தெறித்தால் நடுவில் "ச்சு" என்பார், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம் கனகாலமாக இருந்தது. அது மாற வேண்டும் என்று நிரோ இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவதாக நேர்த்தி வைத்தான். இங்கே எங்கள் சனம், வேதக்காரர் சைவக்காரர் என்று பாராமல் எல்லோரும் அந்த மலைக்குப் போவோம். ஏறி முடித்துவிட்டு அம்மாவுக்குப் போன் எடுத்தான்.

"மேலை வந்திட்டன் அம்மா. இனி நீங்கள் ஓடித் திரியலாம்."

முதல்நாளே மேலே கொண்டுபோய் விட்டிருந்த மோட்டோரினோ ஸ்கூட்டரில் இறங்கி வரும்போது வளைவில் அது வழுக்கிவிட்டது. யாரும் இடிக்கவில்லை, ஒருவரும் பக்கத்தில் இருக்கவுமில்லை. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் அம்மாவின் முழங்கால் நோ நின்றுவிட்டது. சத்தியமாக. படி ஏறி வந்தவர் கதவடியிலேயே நின்று காலைத் தடவிப் பார்த்தார், பிறகு உள்ளே போய் ரொசாலியாவின் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.

"காலைத் தந்திட்டுப் பிள்ளையை எடுத்திட்டா. ஆர் இவவிட்டைக் கேட்டது?"

அதோடு செபம் இல்லை, செபமாலை இல்லை, சமைக்கிற குசினியில் பாட்டும் இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் கையைக் கழுவிவிடுவார். தம்பியோடு சேர்த்து அம்மாவையும் இழந்துவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருந்தது. முப்பத்தோராம் நாள் பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டபோது அம்மா மட்டும் நிமிர்ந்து நின்றார். சனம் திரும்பிப் பார்த்தது.

அன்று மத்தியானம் சாப்பிட்ட ஆட்கள் போன பிறகுதான் இது நடந்தது. வெளியே சுடுகாற்று அடித்ததால் யன்னல் எல்லாம் சாத்தியிருந்தேன். கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நிரோவின் கதிரையில் இருந்தார்.

"பிள்ளை, அவன் போய் முழந்தாளிடுற இடம் எண்டு சொல்லுவியே. அதை ஒருக்கா காட்டு."

எனக்குக் கேம் விளையாடத் தெரியாது. தனியாகப் போகிற மாதிரி எப்படியோ போட்டு, சுவர் சுவராக முட்டி, வண்டிகளுக்குள் மாட்டுப்பட்டு, ஒருமாதிரி அந்த ஒடுங்கிய சந்தின் முடிவுக்குப் போய்ச் சேர்ந்தேன். பட்டனை அமத்தினேன். மெழுகுதிரி பற்றியது. பிறகு அந்தப் பாட்டு.

சொற்கள் இல்லை, வெறும் வாய்க்குள்ளே பாடுகிற சத்தம். அம்மா முன்னால் சரிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"ஆர் பிள்ளை இந்த மனிசி?"

"இதைச் செய்தவன்ரை அம்மாவாம். செத்துப்போனாவாம்."

"பாவம். அந்தப் பெடியன் என்ன பாடு பட்டானோ."

அப்போது கேட்டது, "ச்சு" என்று. கொஞ்சம் நின்று, விட்ட இடத்திலிருந்து பாட்டு திரும்பத் தொடங்கியது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாயை மூடிக்கொண்டு எனக்குப் பக்கத்திலேதான் இருந்தார், கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அது தன்னுடைய குரல் என்று அவருக்கே தெரியவில்லை. மெல்ல நிலத்தில் இறங்கி, டிவிக்கு முன்னால் முழந்தாளிட்டு, அந்த மனிசியின் ஆத்துமாவுக்காகச் செபம் சொன்னார். நான் ஆமென் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு கெவினைக் கூப்பிட்டுக் கேட்டேன். வெட்டின எழுத்தும் உண்மை, மெழுகுதிரியும் உண்மை என்றான். பாட்டு மட்டும் இல்லையாம். ஒரு மணிதான் அடிக்குமாம், அந்தத் தாயின் ஊர்க் கோயில் மணி. போட்டுக் காட்டினான். மணிதான் அடித்தது. அவன் போன பிறகு நானும் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்துவிட்டேன், மணிதான்.

நிரோ எப்போதும் ஹெட்செட்டை ஒரு காதில் மட்டும்தான் போடுவான், அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று. அவனுடைய சுவருக்கு அந்தப் பக்கம் குசினி. அப்படியென்றால் அம்மா பாடுவதைக் கேட்டுவிட்டு கேமுக்குள் கேட்கிறது என்று நினைத்திருப்பான். சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அன்றைக்குக் குசினியில் யார் நின்றது?

இப்போது அம்மா சாப்பிடுகிறார். ரொசாலியாவின் படத்தை முன்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். பின்னேரம் பின்னேரம் மெழுகுதிரி கொளுத்தி முழந்தாளிட்டு அந்தச் செத்த தாய்க்காகச் செபிக்கிறார், பேர் தெரியாததால் "அந்த மனிசி" என்றே சொல்லிச் செபிக்கிறார். அது யாருடைய குரல் என்று அம்மாவுக்கு நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். குசினியில் பாட்டும் திரும்பத் தொடங்கிவிட்டது. நடுவில் "ச்சு" என்று கேட்டால் நான் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அம்மா நிற்கிறாரா என்று எட்டிப் பார்க்கிறேன்.

நிரோவின் பெயரை மட்டும் அம்மா இன்னும் செபத்தில் சொல்வதில்லை. சொன்னால் அவன் போனது உண்மையாகிவிடும் என்று நினைக்கிறாரோ என்னவோ, நான் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதினேன். என் செபம் மட்டும் காணாது. நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவராக இருந்தாலும், விளக்கோ மெழுகுதிரியோ கொளுத்தும்போது என் தம்பி நிரோவின் பெயரை ஒருக்கால் வாய்விட்டுச் சொல்லி அவனுக்காகச் செபியுங்கள்.