அழுதுவிட்டுப் போனவர்களும் கணக்கில் உண்டு

ஊரார் வீட்டுக் கதவைத் தட்டுவதுதான் என் பிழைப்பு. மக்கள்தொகை, உடல்நலம், வீட்டு வசதி என்று அரசாங்கம் ஏதாவது ஒரு கணக்கெடுப்பை நடத்திக்கொண்டே இருக்கும். ஆரணியைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்காகக் கேள்வி கேட்கப் போகிற ஒப்பந்த ஊழியர்களில் நானும் ஒருத்தி. கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட், பையில் தண்ணீர் பாட்டில். சேவூரில் ஒரு நாய் என்னைப் பார்த்தால் குரைப்பதற்குப் பதில் கொட்டாவி விடும். அவ்வளவு பழக்கம்.

எங்களைக் கண்டால் ஜனங்கள் இரண்டு விதமாக நினைப்பார்கள். பணம் கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் நாற்காலி போடுவார்கள். இருப்பதைப் பிடுங்க வந்திருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் பிரிட்ஜை மறைப்பார்கள். பெரணமல்லூரில் ஓர் அம்மாள் பிரிட்ஜுக்குப் புடவையைப் போர்த்தி, அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, "பிரிட்ஜா? அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா, இல்லவே இல்ல" என்றார். புடவைக்குள் அது உறுமிக்கொண்டிருந்தது. நான் "இல்லை" என்றே பதிந்தேன். சொன்னதைத்தான் எழுத வேண்டும், பார்த்ததை அல்ல. எங்கள் விதி அது.

நாங்கள் கேட்கும் கேள்விகள் ஒரு கூடை இருக்கும். அதில் ஒன்று மட்டும் எனக்குத் தொண்டையில் சிக்கும். ஒரு பெண் தனக்கு இத்தனை குழந்தைகள் என்று சொன்ன பிறகு அதோடு விட்டுவிடக் கூடாது. பிறந்து அழுதுவிட்டு, அல்லது மூச்சு விட்டுவிட்டு, அப்புறம் பிழைக்காமல் போன குழந்தை ஏதாவது உண்டா, கொஞ்ச நேரமே இருந்திருந்தாலும் சொல்லலாம் என்று கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள், அந்தக் குழந்தைகள் விட்டுப்போனால் நாட்டின் கணக்கே பொய்யாகிவிடும் என்று பயிற்சி கொடுத்த அதிகாரி விளக்கினார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

என் மூத்த மகள் அழுதாள். நன்றாகவே அழுதாள். மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் போய்விட்டாள். பெயர் வைக்கும் நாள்கூட வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் என்று யாராவது கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு "ஒரே பையன்" என்பார். நானும் தலையாட்டுவேன். பையன் சென்னையில் வேலையில் இருக்கிறான். அவனுக்கு ஓர் அக்கா இருந்தாள் என்பது அவனுக்கே தெரியாது.

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் முள்ளிப்பட்டில் அந்த நெசவு வீட்டுக்குப் போனேன். யார் வீடு என்று தெரிந்துவிடக் கூடாதே என்று, ஊரை மாற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். அங்கே எல்லா வீட்டிலும் தறி ஓடுகிறது, எல்லா வீட்டிலும் ஒரு மாமியார் இருக்கிறார், அதனால் சொன்னால் தவறில்லை. ஒரே கூடம். கூடத்தை அடைத்துக்கொண்டு தறி. முதலாளியிடம் பாவும் பட்டும் வாங்கி வந்து கூலிக்கு நெய்கிறவர் மகன். மருமகளுக்கு இரண்டு பையன்கள். பெண்ணைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும் என்பது விதி. அந்தக் கூடத்தில் தனிமைக்கு எங்கே போவது?

நான் மருமகளைப் பார்த்துக் கேட்டதற்கு மாமியார் பதில் சொன்னார். "ரெண்டு பசங்க. வேற ஒண்ணும் கெடையாது. எழுதிக்கினு கெளம்பும்மா, உலை வச்சிருக்கேன்."

மருமகள் என் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நாளைக்குக் காலையில பாவு போடறாங்கக்கா. எல்லாரும் தெருவுல இருப்பாங்க" என்று மெதுவாகச் சொன்னாள்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். தறியில் ஏற்றுவதற்கு முன் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். அறுந்த இழைகளைப் பிணைக்க வீட்டில் கை உள்ள அத்தனை பேரும் வெளியே நிற்பார்கள். மறுநாள் நான் போனபோது மாமியாரும் மகனும் தெருக்கோடியில் நூலின் மேல் குனிந்திருந்தார்கள். சின்னவன் தூங்குகிறான் என்று சாக்கு சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே இருந்தாள். நான் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"ஒரு பொண்ணுக்கா. பெரியவனுக்கும் சின்னவனுக்கும் நடுவுல."

எப்போது பிறந்தது, எத்தனை நாள் இருந்தது என்று கேட்டேன். அவளுக்குத் தேதி தெரியவில்லை. ஆனால் தறி தெரிந்திருந்தது. ஆடி தள்ளி, முகூர்த்தத்துக்குச் சேலை ஜல்தியா வேணும்னு முதலாளி ஆள் மேல் ஆள் அனுப்பிய சமயம். மயில்கழுத்துக் கலர் பாவு. அதில் முதல் சேலையைத் தொடங்கிய அன்று இவளுக்கு வலி எடுத்தது.

"அந்தச் சேலையில கடைசியா முந்தானை நெய்யறதுக்குள்ள போயிட்டாக்கா. யாரோ அதைக் கட்டிக்கினு மணையில ஒக்காந்திருப்பாங்க இல்ல?"

நான் திரையைக் கீழே தள்ளினேன். அடுத்த கட்டத்தில் குழந்தையின் பெயர் கேட்டிருந்தது. பெயர் வைக்காத குழந்தை என்றால் "பாப்பா" என்று பதிய வேண்டும். என் விரல் அந்த எழுத்துக்குப் போனபோது அவள் என் கையைப் பிடித்தாள்.

"பேரு இருக்குதுக்கா. நான் மட்டும் கூப்புடுவேன். யாருக்கும் தெரியாது."

சொன்னாள். பதிந்தேன். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். டேப்லெட்டைத் திருப்பிக் காட்டச் சொல்லி, அந்த எழுத்துக்களைப் பார்த்து, "கவர்மெண்ட்டுல இருக்கும் இல்லக்கா? அழிஞ்சிடாதே?" என்று கேட்டாள். வெளியே யாருக்கும் பெயர் தெரியாது, கணக்கில் மட்டும் இருக்கும் என்றேன். அது போதும் என்றாள்.

எங்கள் வேலையைச் சரிபார்க்க மேற்பார்வையாளர் சில வீடுகளுக்குத் திரும்பப் போவார். அவர் போனது நடுப்பகலில், எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது. நல்ல மனுஷன்தான், தலைக்கு மேல் வேலை. "மூணு குழந்தைன்னு இருக்கே, ஒண்ணு இறந்துடுச்சா?" என்று அத்தனை பேர் நடுவிலும் கேட்டிருக்கிறார். அவள் "ரெண்டுதான் சார்" என்றிருக்கிறாள். வேறு என்ன சொல்வாள்?

"மேடம், நீங்க இட்டுக்கட்டல, அது எனக்குத் தெரியும்" என்றார் என்னிடம். "ஆனா ரெண்டு பதில் இருந்தா சிஸ்டம் ஏத்துக்காது. இன்னொரு தடவை போய்ட்டு வந்துடுங்க. இல்லன்னா அந்தக் குழந்தையை எடுத்துடணும்."

எடுத்துவிட வேண்டுமாம். பிரிட்ஜா அது, புடவையைப் போர்த்தி மறைக்க? கோபத்தில் மதியம் சாப்பிடாமலே பஸ் ஏறினேன்.

மாமியார் எனக்காகவே காத்திருந்தவர் போல வாசலை மறித்து நின்றார். "இன்னாம்மா ஒன்னோட பேஜாராப் போச்சு? செத்ததையும் உசுரோட இருக்கறதையும் ஒண்ணா சேத்து எண்ணுவாங்களா? இருக்கற ரெண்டுக்கும் ஆவாதுன்னு தெரியாது? எழுதினா இன்னா, ஒங்க கவர்மெண்டு திருப்பிக் குடுக்குமா?"

கொடுக்காது என்று எனக்குத் தெரியும். அவர் கெட்டவரும் இல்லை. இரண்டு பேரன்களும் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். நான் அவரைத் தாண்டி மருமகளிடம் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தபடி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். இன்னொரு முறை ரெண்டு என்று சொன்னால் நான் ரெண்டு என்றுதான் எழுத வேண்டும். சொன்னதைத்தான் எழுத வேண்டும்.

அதுவரை ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது.

"மூணுன்னே இருக்கட்டும்க்கா" என்றார் அவள் கணவர், தறியில் உட்கார்ந்தபடியே.

"டேய், நீ சும்மா இரு."

"நான்தானம்மா குழி வெட்டினேன்" என்றார். "இல்லன்னு எப்பிடிச் சொல்றது?"

மாமியார் அடுப்படிக்குப் போய்விட்டார். உள்ளே பாத்திரம் எதுவும் சத்தம் போடவில்லை. மருமகள் என்னைப் பார்த்து "மூணு" என்றாள். அவள் கணவர் மறுபடி நெய்யத் தொடங்கினார்.

அவள் என்னோடு பஸ் நிறுத்தம்வரை வந்தாள். என் மகள் இருந்திருந்தால் ஏறக்குறைய அவள் வயதுதான். வெயிலில் புளியமரத்தடியில் நின்றோம். பஸ் வருகிற வழியாக இல்லை.

"ஒங்களுக்கு எத்தினி பசங்கக்கா?"

"ஒரு பையன்." வாய்ப் பழக்கம், வந்துவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். பிறகு நான் கேட்கிற அதே தினுசில், அதே நிதானத்தில் கேட்டாள். "பொறந்து அழுதுட்டு, அப்புறம் பொழைக்காம போன கொழந்தை ஏதாவது உண்டாக்கா? கொஞ்ச நேரமே இருந்திருந்தாலும் சொல்லலாம்."

இந்தக் கணக்கெடுப்புக்கு எந்தத் தெரு, எந்த வீடு என்பதையெல்லாம் கணினி குலுக்கிப் போட்டுத்தான் எடுக்கிறது. எங்கள் வீடு ஒரு தடவைகூட விழுந்ததில்லை. எத்தனையோ வாசல்களில் நான் கேட்ட கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என் கணவரோ என் தாயோ கேட்டதில்லை. நடுரோடு என்றும் பார்க்காமல் அழுதேன்.

"உண்டு" என்றேன். "பொண்ணு. மூத்தவ."

"அழுதாளா?"

"நல்லா அழுதா."

அவள் தலையாட்டினாள். டேப்லெட்டில் பதிவது போல ஒரு தலையாட்டல். அடுத்த கேள்வியும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"பேரு?"

இவளைப் போல ஒரு பெயரை மனசுக்குள்ளாவது வைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. கூப்பிட்டால் வலிக்கும் என்று கூப்பிடாமலே இருந்துவிட்டேன். பஸ் வந்தது. "வச்சிடுங்கக்கா, இப்பவாவது" என்று அவள் ஜன்னலுக்குக் கீழே நின்று சொன்னாள்.

ஆரணி போய்ச் சேர்வதற்குள் ஒரு பெயர் வைத்துவிடுவது என்று உட்கார்ந்திருந்தேன். நினைத்த பெயரெல்லாம் ஏதோ ஒரு வீட்டில் நான் பதிந்த பெயராக இருந்தது. அந்தந்தப் பெயரோடு ஒரு பெண் எழுந்து, ஜடை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போய், கல்யாணமாகி, என்னிடம் எரிந்து விழுந்து, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் ஒருத்தியும் என் மகள் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய அழுகை ஒன்றுதான்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதும் அவள் பாப்பாவாகத்தான் இருந்தாள்.