வெல்வெட்டும் சந்தனமும்

கேபிள் டிவி வந்த புதிதில் அபிராமபுரத்தில் எனக்கு வாய்த்த வீட்டுக்காரர் பழைய நாணயங்கள் சேர்ப்பவர். எலும்பும் தோலுமான உடம்பு, கையில் வெள்ளைக் கையுறை. வந்தவர்களுக்கு ஆடும் முக்காலி. நாணயங்களுக்கு வெல்வெட் விரிப்பு. அதற்காகத் தி. நகரில் நான்கு நாள் கடை கடையாக ஏறி, துணியைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து வாங்கினாராம்.

ஒருமுறை ஒரு செப்புக்காசை வெறும் மேஜையில் வைத்துவிட்டேன். துடித்துப் போனார்.

"கீறல் விழாதோ? விரல் ஈரம் பட்டாலே கறுத்துடும். உனக்குப் போய்க் காட்டினேனே, என்னைச் சொல்லணும்!"

ஆயுத பூஜையன்று சுண்டலுக்குக் கூப்பிட்டார். வெல்வெட்டில் வரிசையாக நாணயங்கள். அவற்றிலிருந்த வெள்ளைக்கார ராஜாக்கள் ஒவ்வொருவர் நெற்றியிலும் ஈரச் சந்தனம், மேலே குங்குமம்.

"ஈரம் ஆகாதுன்னீங்களே மாமா?"

"சுவாமிக்கு வெச்சது ஒண்ணும் பண்ணாது. கெடுக்கறதெல்லாம் மனுஷா கைதான்."

சொல்லிக்கொண்டே, கையுறை இல்லாத மோதிர விரலால், விட்டுப்போன ஒரு ராஜாவுக்கும் சந்தனத்தை அழுத்தி அப்பினார். பிறகு என்னைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சுண்டல் சாப்பிட்ட கை. தள்ளியே நில்லு."

நின்றேன். அந்த வெல்வெட் யாரிடமிருந்து காசுகளைக் காப்பாற்றியது என்பதுதான் இன்றுவரை எனக்குப் புரியவில்லை.