பாதத்தில் போட்ட குறி

அப்பா கத்தி தீட்டுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கெர்லிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தன் நிரையில் பத்து மரம் வெட்டியதும் நிற்பார். கல்லை எடுத்துப் பால்வெட்டும் கத்தியைத் தேய்ப்பார். மழுங்காத கத்திக்கு எதற்கு இத்தனை தீட்டல்? கெண்டைக்காலைப் பிடித்து இழுக்கிற வலியை மறைக்கத்தான் அந்த நாடகம். நடக்க முடியாவிட்டால் வேலை போகும். வேலையோடு தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். கால் பெருவிரல் கறுத்த பிறகுதான் வாயைத் திறந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். சுங்கை சோ பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்ததால் மலாய் நன்றாக வரும். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்திருக்கிறதாம். தொடையிடுக்கில் சிறு துளை போட்டு, மெல்லிய குழாயை உள்ளே விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனை ஊதி அடைப்பை விரித்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பலிக்காவிட்டால் காலை எடுக்க வேண்டிவரலாம் என்பதையும் மறைக்கவில்லை. இன்றைக்கு இதைச் செய்துகொண்டு அன்றே வீடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். எண்பதுகளில் நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

மறுநாள் காலையில் வார்டுக்குப் போனால், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“வீட்டுக்குப் போவோம் பாப்பா. குறி போட்டுட்டாங்க.”

பாதத்தின் மேல் மையில் ஒரு பெருக்கல் குறி. தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்ப்பதற்கு முன் சாயத்தில் அப்படித்தான் போடுவார்கள். சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. தாதியிடம் கேட்டேன். சிகிச்சைக்குப் பிறகு நாடி பார்க்க வேண்டிய இடத்துக்கு அடையாளம் என்றார். அப்பா நம்பவில்லை.

“ஒன்னைய ஏமாத்துறாங்க லா. மயக்கம் குடுத்து வெட்டிருவாங்க.”

“மயக்கமே கெடையாதுப்பா. முழிச்சுக்கிட்டுதான் இருப்பீங்க.”

குனிந்து காலைப் பார்த்தார். “அப்படின்னா சரி. என் காலுக்கு நானே காவலு.” சட்டையைக் கழற்றினார்.

அவரை உள்ளே கொண்டுபோனதும் ஒன்றரை மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கும்பிடாத சாமி இல்லை.

வார்டுக்குக் கொண்டுவந்ததும் டாக்டர் அந்தக் குறியின்மேல் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்தார். முதல்நாள்வரை சில்லென்று கிடந்த பாதம் கதகதவென்றிருந்தது. தோலுக்கடியில் நாடி துடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆறு மணி நேரம் அசையக் கூடாது என்பதால் அப்பா கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“அடிக்குதா?”

“அடிக்குதுப்பா.”

“கைய எடுத்துறாத.” சற்றுப் பொறுத்து, “இன்னும் அடிக்குதா?”

“நல்லா அடிக்குதுப்பா.”

“அப்ப தோட்டத்து ஆபீஸ் கிராணிக்குப் போன் போடு. சாமான் கட்ட வேணாம்னு அம்மாகிட்ட சொல்லச் சொல்லு.”

அம்மா அதற்குள் பாதி வீட்டை மூட்டை கட்டிவைத்திருந்தார்.