சிவப்பு எரிந்தால் டிராக்டர் இறங்காது

“இறங்காதீங்க” என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிற தொழில் என்னுடையது. “முடியாது” சொல்லியே வயிறு வளர்க்கிற பஸ் கண்டக்டர்களே, பேங்க் கவுண்டர்க்காரர்களே, நான் படுகிற பாடு உங்களுக்குத்தான் விளங்கும்.

கெலிஓயாவில் ரசூல் நானாவின் டிராக்டர் வாடகைக் கடையில் எனக்கு வேலை. போன பருவம் எங்கள் டிராக்டர் மழை விட்ட கையோடு கலஹா ரோட்டில் ராணி அக்காவின் காணியில் இறங்கியது. ஈர மண்ணை அந்தப் பாரம் அமுக்கியதில் அடிமண் சீமெந்துத் தரை மாதிரி இறுகிப் போனது. அதற்குப் பிறகு பெய்த மழை கீழே இறங்க வழியில்லாமல் தேங்கி, கோவா, அதுதான் முட்டைக்கோஸ், முழுக்க வேர் அழுகிச் செத்தது. தேயிலை மலையில் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டுவிட்டு அக்கா குத்தகைக்கு எடுத்த காணி அது. இன்னொரு தடவை கோவா செத்தால் திரும்பவும் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

நானாவுக்கு மனசு கேட்கவில்லை. மண்ணில் குத்தி வைத்து ஈரம் பார்க்கிற கம்பிகள் வாங்கிப் போட்டார். கம்பி என் போனுக்குச் செய்தி அனுப்பும். பச்சை வந்தால் டிராக்டர் இறங்கலாம், சிவப்பு வந்தால் வரம்போடு நிற்க வேண்டும். அதைப் பார்த்துச் சொல்கிற பாவி நான்.

ஹாஜியார் வீட்டில் மட்டும் வெயில்

கடைக்குப் பக்கத்திலேயே ஒரு ஹாஜியார் தன் காணியில் மரக்கறி போடுகிறார். ஒரு நாள் ஊரெல்லாம் நல்ல மழை. போனில் எல்லாக் காணியும் சிவப்பு, ஹாஜியாருடையது மட்டும் பச்சைப் பசேல். அல்லாஹ் அவருக்கு மட்டும் தனியாக வெயில் அடிக்க விட்டானோ என்று நினைத்துக்கொண்டு போனேன். காணிக்குள் கால் வைத்தேன், செருப்பு உள்ளேயே நின்றுவிட்டது.

கம்பியைக் காணோம். தேடினால், அவர் வீட்டுத் தகரக் கூரையில் மழைக்கு முன்னால் காயப் போட்ட செத்தல் மிளகாய்க்கு மேல் பொலித்தீன் தாட்டு ஒன்று மூடியிருக்கிறது. அதற்கடியில் மிளகாயோடு மிளகாயாக நம்ம கம்பி! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஹாஜியாருக்குத் துளி வெட்கமில்லை. “கம்பி நனைஞ்சி ஈந்திச்சி மகள், கெட்டுப் பெய்த்துருமேண்டுதான் காய வெச்சன்” என்றார்.

தியாகு அண்ணனின் மானம்

டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தால் டயர் அகலமாகப் பதிந்து மண்ணை அவ்வளவாக அமுக்காது. டயரின் காற்று எவ்வளவு என்பதும் என் போனுக்கு வரும். எங்கள் டிரைவர் தியாகு அண்ணன் காற்றைக் குறைத்துக்கொண்டு பிலிமத்தலாவைக்குக் கிளம்பினார். பாதி வழியில் போனில் எண் ஏறத் தொடங்கியது. ஏறி ஏறிப் பழைய இடத்துக்கே வந்துவிட்டது.

என்ன அண்ணே இது என்று கேட்டால் மனுஷன் கொதிக்கிறார். எதிரே வந்த த்ரீவீல்காரர் எல்லாம் டயரைக் காட்டிக் கத்தினார்களாம். பஸ்ஸிலிருந்து தலையை நீட்டி ஒருவர் சிரித்தாராம். அதற்கு மேல் தாங்க முடியாமல் டயர் கடையில் நிறுத்திக் காற்று அடித்துவிட்டார். “மண்ணோட கஷ்டத்த நீங்க பாத்துக்கங்க தங்கச்சி, ரோட்டுல என் மானத்த யாரு பாக்குறது?”

ஒரே ரூட்டு

காற்றை மறுபடி இறக்கவைத்து அந்தப் பிலிமத்தலாவைக் காணிக்குப் போனோம். டிராக்டரில் ஒரு சின்னத் திரை இருக்கிறது. அது காட்டுகிற கோட்டிலேயே போய்க் கோட்டிலேயே வர வேண்டும், அப்போதுதான் சக்கரம் மிதிக்காத மண் பொலபொலவென்று கிடக்கும். காணிச் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து பார்த்தார். பார்த்துப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை. “இவ்வளவு காணி கெடக்குது, இவரு என்னம்மா பஸ் மாதிரி ஒரே ரூட்டுல ஓடுறாரு?”

நாற்று வளர்கிறது

இந்தப் பருவம் ராணி அக்காவின் முறை வந்தது. காலையில் வெயில், பின்னேரம் தூறல். போனில் சிவப்பு மாறவே இல்லை. நாற்று மேடையில் கோவா நாற்று கழுத்து நீண்டுகொண்டு போகிறது. அக்காவின் காணிக்குத் திரும்புகிற ரோட்டு முடக்கிலேயே வேறொருவரின் டிராக்டர், கூப்பிட்டால் இறங்கத் தயாராக நிற்கிறது.

அக்கா நேரே கடைக்கு வந்து, பிடுங்கின நாற்றொன்றை வேர் மண்ணோடு என் மேசையில் போட்டார். பிறகு திட்டினார் பாருங்கள், என் ஏழு தலைமுறையும் எழுந்து உட்கார்ந்திருக்கும். ரசூல் நானா என்னைப் பார்த்தார், பிறகு மேலே ஃபேனைப் பார்த்தார். பிடிவாதம் பிடித்தால் நாற்று முற்றிவிடும், விட்டுக்கொடுத்தால் மண் இறுகிவிடும். எது நடந்தாலும் அக்கா கூடை தூக்குவது என்னால்தான். “கொஞ்சம் பொறுங்கக்கா” என்று கையைப் பிடித்தேன். கையை உதறிவிட்டுச் சொன்னார்: “நாத்துக்கு ஒன் போனு பாஷ தெரியுமா புள்ள? அது பாட்டுக்கு வளருது.”

மழைக்கு மறுநாள்

ஆனால் அந்த மற்ற டிராக்டரை அக்கா கூப்பிடவில்லை. ஒருவழியாக வெயில் பிடித்து, போனில் பச்சை வந்தது. தியாகு அண்ணன் காற்றுக் குறைந்த டயரோடு யார் சிரித்தாலும் திரும்பிப் பார்க்காமல் போய், கோடு பிசகாமல் உழுது கொடுத்தார். முற்றின நாற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை அக்கா நட்டார். நட்டு வேர் பிடித்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

விடிந்ததும் பஸ் ஏறினேன். போன தடவை இப்படி ஒரு மழைக்குப் பிறகுதான் எல்லாம் செத்தது. அக்கா காணிக்குள் குனிந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். டிராக்டர் ஓடின தடத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. பாத்தியில் சொட்டுத் தண்ணீர் இல்லை, விரலை விட்டால் மண் உதிர்கிறது. கோவா ஒவ்வொன்றும் நிமிர்ந்து நிற்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார். “தண்ணி எறங்கிருச்சி புள்ள, நான் இனி மலைக்குப் போவல. ஆனா அன்னிக்கித் திட்டினது திட்டினதுதான், அத நான் திருப்பி எடுக்க மாட்டேன்.”

எங்கள் தொழிலில் வேலை சரியாக நடந்தால் காணியில் ஒன்றுமே நடக்காது, ஆகையால் ஏச்சைத் தவிர வேறெதையும் எங்கள் கணக்கில் யாரும் வரவு வைப்பதில்லை.