அட்டையில் எழுதிய இரண்டு வரி

என் மேசை இழுப்பறையில் பழுப்பேறிய தபால் அட்டை ஒன்று கிடக்கிறது. கல்லூரியில் மொத்தமாக அச்சடித்து வைத்திருந்த அட்டை. 'தங்கள் மகன் / மகள் வருகை குறைவாக உள்ளது' என்பது அச்சு. அதில் 'மகன்' என்ற சொல்லை அடித்திருக்கிறேன். கீழே மிச்சமிருந்த இடத்தில் நீல மையில் நானாகச் சேர்த்த இரண்டு வரி. அப்போது என் கையெழுத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

எண்பதுகளின் நடுவில் தருமபுரியில் ஒரு கல்லூரியில் கணித விரிவுரையாளராக இருந்தேன். வயது இருபத்தாறு. ஒவ்வோர் ஆசிரியருக்கும் இருபது மாணவர்களைப் பிரித்துக் கொடுத்து, 'டியூட்டர்' என்று பெயரும் வைத்திருந்தார்கள். அவர்களுடைய படிப்பு, நடத்தை, வீட்டுக் கஷ்டம் எல்லாவற்றையும் நாங்கள் கவனிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மூத்தவர்கள் மாதக் கடைசியில் அட்டைகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். எனக்கு அது பொறுக்காது. பிள்ளைகளைக் கரையேற்றத்தான் நான் பிறவி எடுத்திருப்பதாக நினைப்பு. ஒவ்வோர் அட்டையிலும் பெற்றோருக்கு என் கைப்பட இரண்டு வரி எழுதாமல் தபாலில் சேர்க்கமாட்டேன். 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா சார்?' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலிகூட எனக்கு இனித்தது.

என்னுடைய இருபது பேரில் அவளும் ஒருத்தி. மாரண்டஹள்ளியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிற பெண். அப்பாவுக்குத் தக்காளி மண்டி. காலை முதல் மணி நேரம் என் வகுப்பு. முன் பெஞ்சில் இருப்பாள். நான் கரும்பலகையில் கணக்கை முடிப்பதற்குள் அவள் நோட்டில் விடை இருக்கும். ஒருமுறை என் தவறையே எழுந்து நின்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இவள் எம்.எஸ்ஸி. வரை போவாள், ஒரு நாள் இதே கல்லூரியில் பாடம் நடத்துவாள் என்று ஆசிரியர் அறையில் பெருமையடித்துக்கொண்டேன்.

இரண்டாம் வருடம் வருகைப் பட்டியல் வந்தபோது திடுக்கிட்டேன். ஏறக்குறைய எல்லா நாளும் பிற்பகலில் அவளுக்கு ஆப்சென்ட். எனக்குக் கோபம் வந்தது. பெற்ற மகள் ஏமாற்றியதுபோல ஒரு கோபம். அட்டையை எடுத்தேன். 'மதியத்துக்கு மேல் உங்கள் மகள் கல்லூரியில் இருப்பதில்லை. எங்கே போகிறாள் என்று உடனே விசாரிக்கவும்.' எழுதி, ஒருமுறை படித்துப் பார்த்து, திருப்தியோடு அனுப்பினேன்.

அவள் வருவது நின்றது. காய்ச்சலாக இருக்கும் என்று பத்து நாள் விட்டுவிட்டேன். பிறகு அவளோடு பஸ்ஸில் வருகிற பாலக்கோட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவ இனிமே வரமாட்டா சார். மூணே முக்கா பஸ்ஸ விட்டா அடுத்த பஸ்ஸு ஊரு போய்ச் சேர இருட்டிடும். வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடணும்னு சொல்லித்தான் காலேஜுல சேத்தாங்க. அதனால கடைசி பீரியடு மட்டும் இருக்கமாட்டா. வேற எங்கயும் போவல சார்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிற்பகல் வருகையை நாங்கள் கடைசி மணி நேரத்தில்தான் எடுப்போம். நடுவில் எடுத்தால் பையன்கள் பெயர் கொடுத்துவிட்டு சினிமாவுக்கு நழுவிவிடுவார்கள் என்பதற்காக அந்த வருடம்தான் செய்த ஏற்பாடு. கடைசி மணி நேரத்தில் இல்லாதவருக்குப் பிற்பகல் முழுவதும் ஆப்சென்ட். அவள் தினமும் மதியம் இரண்டு பாடம் கேட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கிறாள். எனக்கு அந்த வகுப்பில் மதியப் பாடம் கிடையாது, பட்டியலை நம்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். வீட்டின் முன்பக்கத்திலேயே மண்டி. ஒரு அதட்டலையாவது எதிர்பார்த்துப் போனேன். அவள் அப்பா நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். அவருக்கு எழுத்து தெரியாது. தபால்காரர் எப்போதும்போல அட்டையை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். ஏலம் நடக்கிற நேரம். அவருடைய அண்ணன்மார், வியாபாரிகள், கூடை தூக்குகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்றிருக்கிறார்கள்.

நான் பட்டியல் விஷயத்தைச் சொன்னேன், தவறு என்னுடையது என்றேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"எம்பொண்ணு மேல எனக்குச் சந்தேகம் இல்லீங்க சார். அண்ணமாருங்க வேண்டான்னப்ப ஒத்தக் கால்ல நின்னு படிக்க அனுப்புனவன் நான். இப்ப ஊரே கேக்குது, எங்க போனா உம்பொண்ணுன்னு. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி பஸ்ஸு கதையச் சொல்ல முடியுங்களா? நீங்க எழுதினது தப்புன்னு சொல்லல. ஒரு கவருல போட்டு ஒட்டியிருக்கலாமுங்களே."

டீ கொண்டுவந்தது அவள்தான். டம்ளரை வைத்துவிட்டு உடனே உள்ளே போகவில்லை.

"தினமும் மொத பீரியடு உங்க கிளாஸ்தான சார். என்னய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"ஆமாம்மா" என்றேன்.

கிளம்பும்போது அப்பா அட்டையை எடுத்துக் கொடுத்தார். "இத நீங்களே வச்சிக்குங்க. வூட்ல இருந்தா அவ கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கும்."

கல்லூரியில் சண்டை போட்டு, பஸ்ஸில் வருகிறவர்களுக்குப் பிற்பகல் வருகையை மதியத்திலேயே எடுக்க வைத்தேன். அதைச் சொல்ல மறுபடி போனபோது, அவளுக்கு நிச்சயம் ஆகிவிட்டிருந்தது. அவளை அன்று நான் பார்க்கவில்லை. பிறகும் பார்க்கவில்லை.

அதன் பிறகு பணியிலிருந்த காலம் முழுவதும் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்காமல் நான் ஓர் அட்டையும் அனுப்பியதில்லை. சிலர் என்னிடம் நன்றாகப் புளுகினார்கள், நம்பினேன், போகட்டும். பல பேர் படித்து மேலே வந்தார்கள். பணி ஓய்வு விழாவில் நான் மாணவர்களின் மனதறிந்த ஆசிரியர் என்று ஒருவர் பேசினார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது கல்லூரியிலிருந்து பெற்றோரின் கைப்பேசிக்குச் செய்தி தானாகவே போய்விடுகிறதாம். என் பேத்தி வரவில்லை என்று சென்ற வாரம் மருமகளுக்கு ஒன்று வந்தது. மருமகள் கோபத்தோடு அவளைக் கூப்பிடப் போனாள். "முதலில் என்ன ஆயிற்று என்று கேளம்மா" என்று நான் போட்ட சத்தத்தில் வீடே திரும்பிப் பார்த்தது. ஏன் இத்தனை பதற்றம் என்று யாருக்கும் புரியவில்லை. அறைக்குள் போய் இழுப்பறையைத் திறந்தேன். மை கொஞ்சம் வெளிறியிருக்கிறது. கையெழுத்து மட்டும் இன்னமும் அழகாக, தூரத்திலிருந்தே யாரும் படிக்கும்படி இருக்கிறது.